ஏயோலியத் தீவுகளில் தனிப் பாய்மரப் படகுப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் சிசிலித் தீவுக்கு வடக்கே, திர்ரேனியக் கடலில் இருக்கும் ஏயோலியத் தீவுகளைப் பாய்மரப் படகில் சுற்றி வந்ததிலிருந்து, நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்டு எழுதுகிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

இந்தத் தீவுகள் எல்லாமே எரிமலைகளா?

ஆம், ஏழும் எரிமலைகளே: லிப்பாரி, வுல்கானோ, சலீனா, பனரேயா, ஸ்ட்ரோம்போலி, ஃபிலிகூதி, அலிகூதி. கடலடியிலிருந்து எழுந்த மலைகளின் உச்சிகளைத்தான் நாம் தீவுகள் என்கிறோம். ஸ்ட்ரோம்போலி கடல்மட்டத்துக்கு மேல் 924 மீட்டர். கடலுக்குள் அதன் உடல் இன்னும் சுமார் 2,000 மீட்டர் இறங்குகிறது. இந்த விவரத்தை நினைவில் வைத்திருங்கள், நங்கூரம் பற்றிய கேள்வியில் தேவைப்படும்.

எல்லாம் ஒரே மாதிரி விழித்திருக்கவில்லை. ஸ்ட்ரோம்போலி ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஓயாமல் பொங்கிக்கொண்டிருக்கிறது. வுல்கானோ கடைசியாக 1888 முதல் 1890 வரை வெடித்தது, இன்றும் கந்தக ஆவி விடுகிறது. பனரேயாவை ஒட்டிய கடலடியில் வாயு கசிகிறது. மற்றவை அமைதியாக இருக்கின்றன. எரிமலையியல் வளர்ந்ததில் இந்தத் தீவுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்ததற்கும் அதுவே காரணம். காற்றுகளுக்கெல்லாம் காவலனான ஏயோலஸ் குடியிருந்த இடம் இது என்றார்கள் பழைய கிரேக்கர்கள். தீவுகளுக்குப் பெயர் வந்தது அவனால்தான்.

தனிப் படகு என்றால் நாமே ஓட்ட வேண்டுமா?

வேண்டியதில்லை. முழுப் படகையும் உங்கள் குழுவுக்கென்று வாடகைக்கு எடுக்கிறீர்கள், வெளியாள் யாரும் ஏற மாட்டார்கள் என்பதுதான் இதன் பொருள். ஸ்கிப்பர் ஒருவர் கூடவே இருந்து படகைச் செலுத்துவார். விரும்பினால் சமையலுக்கும் ஓர் ஆளை அமர்த்திக்கொள்ளலாம். இவ்வகைப் படகுகளில் பொதுவாகப் பயணிகள் 12 பேருக்கு மேல் கூடாது. பெரும்பாலான படகுகளில் ஆறு முதல் எட்டுப் பேர் வசதியாக இருக்கலாம்.

உரிமம் வைத்திருப்பவர்கள் ஸ்கிப்பர் இல்லாமலும் படகு எடுக்கிறார்கள். இந்தியாவில் பெற்ற சான்றிதழை ஏற்றுக்கொள்வார்களா என்பதை வாடகை நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். உரிமம் இருந்தாலும் முதல் முறை உள்ளூர் ஸ்கிப்பரோடு போவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. இங்கே துறைமுகங்கள் குறைவு, ஆழம் அதிகம், காற்றின் திசை சட்டென்று மாறும்.

எந்த மாதம் போகலாம்?

மே பிற்பகுதி முதல் அக்டோபர் தொடக்கம் வரை. ஜூனும் செப்டம்பரும் சிறந்தவை. செப்டம்பரில் கோடையின் வெப்பம் கடலில் இன்னும் தங்கியிருக்கும், கூட்டம் கலைந்திருக்கும். மே மாதத்தில் மலைச்சரிவெங்கும் மஞ்சள் பூக்கள் நிறைந்திருக்கும், ஆனால் தண்ணீரில் இறங்கினால் உடம்பு நடுங்கும்.

ஆகஸ்டைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். ஆகஸ்ட் 15 இத்தாலி முழுவதற்கும் விடுமுறை. அதை ஒட்டிய இரண்டு வாரங்களில் படகு வாடகை உச்சத்தில் இருக்கும், பனரேயாவில் படகு கட்ட இடம் கிடைப்பது அரிது.

எங்கிருந்து கிளம்ப வேண்டும்? விசா?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா தேவை. விமானத்தில் கத்தானியா அல்லது பலேர்மோ வரை போய், அங்கிருந்து சாலையிலோ ரயிலிலோ சிசிலியின் வடகரைக்கு வர வேண்டும். மிலாட்சோ, போர்த்தோரோசா, காப்போ தோர்லாந்தோ ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் வாடகைப் படகுகள் கிளம்புகின்றன. வாடகை பெரும்பாலும் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை.

விமானம் தரையிறங்கும் நாளிலேயே படகேறத் திட்டமிடாதீர்கள். எட்னா எரிமலை சாம்பலைக் கக்கினால் கத்தானியா விமான நிலையத்தை மூடிவிடுவது வழக்கம். ஒருநாள் முன்னதாகவே போய்ச் சேர்வது பாதுகாப்பு.

ஒரு வாரத்தில் ஏழு தீவுகளையும் பார்த்துவிடலாமா?

பார்க்கலாம், ஆனால் ஓடிக்கொண்டே இருப்பீர்கள். ஐந்து தீவுகள் போதும். வுல்கானோ, லிப்பாரி, சலீனா, பனரேயா, ஸ்ட்ரோம்போலி என்ற வரிசை இயல்பாக அமையும். வாய்த்தால் மேற்கே ஃபிலிகூதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலில் தனியாக எழுந்து நிற்கும் லா கன்னா என்ற பாறைத்தூணுக்காகவே போகலாம். அலிகூதியில் சாலையே கிடையாது, படிகளில் கோவேறு கழுதைகள்தான் சுமை தூக்குகின்றன. அழகான தீவு, ஆனால் படகை நிறுத்தச் சிரமமான தீவு.

ஸ்ட்ரோம்போலியைக் கடைசி நாட்களுக்கு ஒதுக்கிவைக்காதீர்கள். ‘முத்தாய்ப்பாக இருக்கட்டும்’ என்று பலர் அப்படித் திட்டமிடுகிறார்கள். வானிலை கெட்டால் பிறகு வாய்ப்பே இல்லை. வாரத்தில் எந்த மாலை கடல் அமைதியாக இருக்குமோ அந்த மாலையை ஸ்ட்ரோம்போலிக்குக் கொடுத்துவிட்டு, மற்றவற்றை அதைச் சுற்றி அமைக்கச் சொல்லுங்கள். வெறும் 3 நாள் இருந்தாலும் இதே விதிதான். தனிப் படகுக்குச் செலவழிப்பதன் உண்மையான பயனே இப்படிக் காத்திருக்க முடிவதும் மாற்றிக்கொள்ள முடிவதும்தான்.

எரிமலை வெடிப்பதைக் கடலிலிருந்து பார்க்க முடியுமா? கரையிலிருந்து பார்ப்பதுபோல் வராதே?

கடலிலிருந்து பார்ப்பதுதான் சிறப்பு. ஸ்ட்ரோம்போலியின் வடமேற்குச் சரிவு பெரும் பள்ளமாகச் சரிந்து கடல் வரை இறங்குகிறது. அதற்கு ஷாரா தெல் ஃபுவோகோ என்று பெயர், நெருப்பு இறங்கும் வழி. ஊர் வடகிழக்கில் இருக்கிறது. தென்மேற்கில் ஜினோஸ்த்ரா என்ற சின்னஞ்சிறு குடியிருப்பு. இரண்டுக்கும் நடுவே சாலை இல்லை. கொதிவாய் முதல் அலை வரை அந்தச் சரிவை முழுமையாக ஒரே பார்வையில் காண வேண்டுமென்றால் படகில்தான் வர வேண்டும்.

கொதிவாய்கள் உச்சியில் இல்லை, அதற்குச் சற்றுக் கீழே சுமார் 750 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. பாறைக்குழம்புக்குள் சேரும் வாயு பெரிய குமிழிகளாகத் திரண்டு மேலேறி, வாய்க்கு வந்ததும் வெடிக்கிறது. வெடிக்கும்போது குழம்புத் துண்டுகளை நூறு மீட்டருக்கு மேலும் தூக்கி எறிகிறது. பத்து, இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை இது நடக்கும். உலகில் வேறெங்கே இத்தகைய வெடிப்பைக் கண்டாலும் எரிமலையியலாளர்கள் இந்தத் தீவின் பெயரிட்டே அழைக்கிறார்கள்.

பகலில் போனால் புகை மட்டும்தான் தெரியும். சூரியன் மறைவதற்கு அரைமணி நேரம் முன்னால் சரிவுக்கு எதிரே போய்ச் சேர்ந்து, இருட்டும் வரை இயந்திரத்தை மெதுவாக ஓட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஜூன் மாதத்தில் நன்றாக இருட்ட ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிடும். முதலில் செந்நிறப் பொறிகள் எழும், சில நொடிகள் கழித்தே முழக்கம் காதுக்கு வரும். பிறகு கற்கள் சரிவில் உருளும் ஓசை தண்ணீர்மேல் நெடுநேரம் கேட்கும். படகின் விளக்குகளைக் குறைக்கச் சொல்லுங்கள், ஆனால் வழிகாட்டும் விளக்குகளை அணைக்கச் சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் சுற்றிலும் பல படகுகள் இருக்கும்.

நாங்கள் போகும் அன்று வெடிக்கவில்லை என்றால்?

வெடிக்காமல் போவதைவிட மேகம்தான் பிரச்சினை. மலை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும், உச்சியை மேகம் மூடியிருந்தால் ஓசை மட்டும் கேட்கும். சில நாட்களில் வெடிப்புகளுக்கு இடைவெளியும் கூடும். ஆகவே ஒருமணி நேரமாவது நிற்க ஸ்கிப்பரிடம் முன்பே பேசிவையுங்கள். பல குடும்பங்கள் இரண்டு வெடிப்புகளைப் பார்த்துவிட்டு ‘போதும், பசிக்கிறது’ என்று திரும்பிவிடுகின்றன. இரவு உணவைச் சரிவுக்கு எதிரிலேயே வைத்துக்கொள்ளலாமே.

இது ஆபத்தில்லையா? நேராகச் சொல்லுங்கள்.

ஆபத்து உண்டு. அன்றாட வெடிப்புகள் கொதிவாயைச் சுற்றியே அடங்கிவிடும். அபூர்வமாகப் பெருவெடிப்பு நிகழும். 2019 ஜூலை 3 அன்று நிகழ்ந்ததில் மலையேறிய ஒருவர் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று மீண்டும் வெடித்தபோது, சூடான சாம்பலும் வாயுவும் கலந்த முகில் சரிவில் பாய்ந்து இறங்கிக் கடல்மேலும் ஓடியது. அதற்கு முன்னால் ஒரு பாய்மரப் படகு விரைந்து விலகும் காட்சி உலகெங்கும் பரவியது. சாம்பல் முகில் தண்ணீரைத் தொட்டதும் நின்றுவிடாது. சரிவிலிருந்து தள்ளி நிற்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

2002 டிசம்பர் 30 அன்று அந்தச் சரிவின் ஒரு பகுதி கடலுக்குள் சரிந்து ஆழிப்பேரலை எழுந்தது. ஊர்க்கரையில் வீடுகள் சேதமடைந்தன. குளிர்காலம் என்பதால் கரையில் ஆட்கள் குறைவு, அதனால் உயிரிழப்பு இல்லை. ஆழிப்பேரலை என்ற சொல்லை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊரில் இப்போது எச்சரிக்கைச் சங்குகள் இருக்கின்றன. கரையில் இருக்கும்போது அவை ஒலித்தால் பொருட்களை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள், படகைத் தேடி இறங்காதீர்கள். ஆழ்கடலில் இருக்கும் படகுக்கு அத்தகைய அலை பெரிதாகத் தெரியாது, ஸ்கிப்பர் இன்னும் ஆழத்துக்கே போவார்.

இத்தாலியின் தேசிய புவி இயற்பியல், எரிமலையியல் நிறுவனம் இரவும் பகலும் கண்காணிக்கிறது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை நிலைகள் உண்டு. படகுகள் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்ற உத்தரவு அந்த நிலையைப் பொறுத்து மாறும். கிளம்பும் நாளில் எந்த நிலை, எவ்வளவு தூரம் என்று ஸ்கிப்பரிடம் கேளுங்கள். உடனே பதில் சொல்லும் ஸ்கிப்பரை நம்பலாம்.

மலை ஏறலாமா?

உச்சிக்கு ஏற 2019க்குப் பிறகு அனுமதி இல்லை. வழிகாட்டி இல்லாமல் 290 மீட்டர் வரையும், உரிமம் பெற்ற வழிகாட்டியோடு 400 மீட்டர் வரையும் என்பது பொதுவான வரம்பாக இருந்துவருகிறது. எச்சரிக்கை நிலை உயர்ந்தால் அதுவும் நின்றுவிடும். மூடிய காலணி, தலைவிளக்கு, தண்ணீர் கட்டாயம். படகில் எட்டுப் பேர் இருந்தால் நான்கு பேர் ஏறட்டும், நான்கு பேர் கடலிலிருந்து பார்க்கட்டும். இரண்டும் வேறு வேறு அனுபவங்கள்.

ஸ்ட்ரோம்போலியிலேயே இரவு தங்க ஆசை. நங்கூரம் போட்டுவிட்டால் போதாதா?

முதல் கேள்வியில் சொன்ன அந்த 2,000 மீட்டரைப் பாருங்கள். மலைச்சரிவு தண்ணீருக்குள்ளும் அதே செங்குத்தோடு இறங்குகிறது. கரையோரத்தில் ஒரு குறுகிய மணல்திட்டில்தான் நங்கூரம் பிடிக்கும். அதைத் தாண்டினால் சங்கிலி எட்டாது. பருவகாலத்தில் மிதவைகள் போட்டிருப்பார்கள், அதில் கட்டுவதே நல்லது. அப்போதும் இடம் எல்லாப் பக்கமும் திறந்திருப்பதால் இரவெல்லாம் படகு உருளும். வடமேற்கிலிருந்து மாயெஸ்த்ராலே காற்று வீசினால் அங்கே நிற்கவே முடியாது.

அதனால் பெரும்பாலான ஸ்கிப்பர்கள் இருட்டும் வரை வெடிப்பைப் பார்த்துவிட்டு, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பனரேயாவுக்குத் திரும்பிவிடுவார்கள். இரவில் இரண்டரை மணி நேரப் பயணம். எனக்கு மிகவும் பிடித்த பகுதியே அதுதான். பின்பக்கம் அமர்ந்து திரும்பிப் பார்த்தால் நெடுந்தூரம் வரை மலை அவ்வப்போது சிவந்து எரியும். மத்தியதரைக் கடலின் கலங்கரை விளக்கம் என்று மாலுமிகள் அதற்குப் பெயர் வைத்தது சரியே. நல்ல உறக்கம் வேண்டுமென்றால் சலீனாவின் சாந்தா மரீனா துறைமுகமும் லிப்பாரியின் பிஞ்ஞதாரோவும் பாதுகாப்பானவை.

வுல்கானோவில் நாற்றம் தாங்க முடியாது என்கிறார்களே?

கந்தக வாடை, சிறிது நேரத்தில் பழகிவிடும். வெள்ளி நகைகளைக் கழற்றிப் படகில் வையுங்கள், கறுத்துவிடும். மக்கள் இறங்கிக் குளிக்கும் கந்தகச் சேற்றுக்குளம் பல ஆண்டுகளாக மூடியிருந்தது. திறந்திருந்தால்தான் என்று நினைத்துப் போங்கள். அதை ஒட்டிய கடற்கரையில் தண்ணீருக்குள்ளிருந்தே வெந்நீரும் ஆவியும் வரும், சில இடங்களில் கால் சுடும்.

2021 நவம்பரில் இங்கே வாயு வெளியேற்றம் கூடி, துறைமுகப் பகுதி மக்கள் இரவில் வீட்டில் தங்கக் கூடாது என்று உத்தரவிட்டார்கள். கார்பன் டை ஆக்சைடு பள்ளங்களில் தேங்கும், அதற்கு வாடையே கிடையாது. குழந்தைகளைத் தாழ்வான குழிகளில் விளையாட விடாதீர்கள். படகுக்காரர்களுக்கு இந்தத் தீவில் ஒரு நல்ல வசதி உண்டு: குறுகிய நிலத்திட்டின் இருபுறமும் கிழக்கு, மேற்கு என்று இரண்டு விரிகுடாக்கள். மேல்காற்று வீசினால் கிழக்கில், கீழ்க்காற்று வீசினால் மேற்கில் நின்றுகொள்ளலாம்.

நீச்சல் தெரியாதவர்கள் வந்து என்ன செய்வது?

நிறைய செய்யலாம். லிப்பாரியின் வடகிழக்குக் கரையில் நுரைக்கல் மலைகள் வெள்ளை வெளேரென்று கடலில் இறங்குகின்றன. 2007 வரை அங்கே சுரங்கம் நடந்தது. உதிர்ந்த தூள் கடலடியில் படிந்திருப்பதால் தண்ணீர் வெளிர்நீலமாக ஒளிரும். பனரேயாவின் கலா யுங்கோ விரிகுடாவுக்கு மேலே வெண்கலக் காலக் குடியிருப்பின் வட்டச் சுவர்கள் இன்றும் இருக்கின்றன. லிப்பாரி கோட்டையில் இருக்கும் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு அரைநாள் ஒதுக்குங்கள். இரும்பும் செம்பும் வருவதற்கு முன்பு, இங்கே கிடைத்த கறுப்பு எரிமலைக் கண்ணாடிக் கல்லைத்தான் கடல் கடந்து கொண்டுபோய்க் கத்தி செய்தார்கள். பாய்மரத்தில் இந்தக் கடலைக் கடப்பவர்கள் அந்தக் கற்களைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

தண்ணீரில் இறங்க ஆசையிருந்தால் உயிர்காப்பு அங்கியோடு படகின் ஏணிக்கு அருகே இறங்கலாம். பனரேயாவை ஒட்டிய லிஸ்கா பியாங்கா பாறைத்தீவருகே கடலடியிலிருந்து வாயுக்குமிழிகள் சரம் சரமாக எழும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாலே தெரியும். 2002 நவம்பரில் அங்கே வாயு பெரிதாகப் பொங்கிற்று, ஆகவே அனுமதி உள்ள நாளில் மட்டும். சொறிமீன்கள் வரும் நாட்களும் உண்டு. முதலில் ஸ்கிப்பர் தண்ணீரைப் பார்க்கட்டும்.

வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா? வாந்தி வருமே?

படகில் ஏறுவதும் சிறு ரப்பர் படகில் இறங்குவதும்தான் அவர்களுக்குக் கடினம், அலை அதற்கு அடுத்தது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் படகு எடுங்கள். அது சாயாது, தளம் அகலம். வாடகையும் துறைமுகக் கட்டணமும் கூடும். அதுவும் சிரமம் என்றால் சலீனாவில் ஓர் அறை எடுத்து அவர்களைத் தங்கவைத்துவிட்டு, மிலாட்சோவிலிருந்து தீவுகளுக்கு ஓடும் விரைவுப் படகில் வரச் சொல்லலாம். சலீனாவில் நீங்கள் போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.

வாந்திக்கு மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கி, கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பலன் குறைவு. கீழே அறைக்குள் போய்ப் படுக்காமல் மேல்தளத்தில் அமர்ந்து தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?

இல்லவே இல்லை. சிசிலியின் சமையலில் கத்தரிக்காய்க்குத் தனி மரியாதை. நோர்மா பாஸ்தா, கப்போனாத்தா இரண்டும் கத்தரிக்காய் உணவுகளே. கப்போனாத்தாவில் புளிப்பும் இனிப்பும் சேர்ந்திருக்கும், நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். சலீனாவின் கேப்பர் மொட்டுகளை உப்பில் ஊறவைத்து விற்கிறார்கள். தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டால் அருமை. காலையில் கிரனீத்தா என்ற இனிப்புப் பனித்துருவலும் பிரியோஷ் ரொட்டியும். சில குழம்புகளில் மீன் சேர்ப்பதுண்டு, கேட்டுச் சாப்பிடுங்கள்.

படகில் அடுப்பு உண்டு, அலைக்கேற்ப ஆடிச் சமநிலையில் நிற்கும். அரிசி, பருப்பு, பொடிகளைக் கொண்டுபோகலாம். நெய், பால்பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணப் பெட்டியில் கொண்டுவரக் கூடாது. பலேர்மோ வழியாகப் போகிறவர்கள் அங்கேயே வாங்கலாம். ஈழத்தமிழர்கள் பலர் அந்த நகரில் பல ஆண்டுகளாக வாழ்கிறார்கள். மொந்தே பெல்லெக்ரினோ மலையில் உள்ள புனித ரோசாலியா குகைக்கோயிலுக்கு அவர்களில் இந்துக்களும் வேண்டுதலோடு ஏறுகிறார்கள். நம் சமையலுக்கான சாமான்கள் அங்கே கிடைக்கும்.

தண்ணீர், கழிப்பறை எப்படி?

தண்ணீர் தொட்டியில் சில நூறு லிட்டர்தான் இருக்கும். கடலில் குளித்துவிட்டு, கடைசியில் நன்னீரில் ஒரு நிமிடம் அலசுவதே வழக்கம். கழிப்பறையில் காகிதம் உட்பட எதையும் போடக் கூடாது, அடைத்துக்கொள்ளும்.

சொன்ன வாடகைக்கு மேல் எவ்வளவு ஆகும்?

வாடகைத் தொகையில் பெரும்பாலும் சேராதவை: ஸ்கிப்பர் ஊதியம், அவருடைய சாப்பாடு, டீசல், துறைமுக மற்றும் மிதவைக் கட்டணம், இறுதிச் சுத்தம், திருப்பித்தரும் முன்பணம். கோடையில் காற்று ஓய்ந்த நாட்கள் நிறைய வரும், அப்போது இயந்திரத்தில்தான் ஓட வேண்டும். ஆகவே டீசல் செலவைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். எல்லாவற்றையும் எழுத்தில் பட்டியலாக வாங்குங்கள்.

அந்தமானிலேயே எரிமலை இருக்கிறதே, அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

நியாயமான கேள்வி. அந்தமான் கடலில் உள்ள பாரென் (Barren) தீவுதான் இந்தியாவில் உறுதிசெய்யப்பட்ட ஒரே உயிர்ப்புள்ள எரிமலை. 1991இல் நீண்ட உறக்கத்திலிருந்து எழுந்தது, அதன் பிறகும் பலமுறை பொங்கியிருக்கிறது. ஆனால் அங்கே யாரும் வசிப்பதில்லை, கரையிறங்க அனுமதி இல்லை, அந்தமானின் தலைநகரிலிருந்து 130 கிலோமீட்டருக்கு மேல் திறந்த கடல். கப்பலிலிருந்து பார்த்துத் திரும்புவதோடு சரி. ஏயோலியத் தீவுகளில் மக்கள் எரிமலையின் மடியிலேயே திராட்சை வளர்த்து, பள்ளிக்கூடம் நடத்தி, கல்யாணம் செய்து வாழ்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம்.

ஞாபகத்துக்கு ஒரு கல் எடுத்து வரலாமா?

கூடாது. இத்தாலியில் கடற்கரையிலிருந்து மணலோ கல்லோ எடுப்பது சட்டப்படி குற்றம், அபராதம் விதிப்பார்கள். நுரைக்கல்லைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.

முழுப் படகுக்கும் நாங்கள் பணம் கொடுத்திருக்கிறோம். ஸ்கிப்பர் ஸ்ட்ரோம்போலிக்குப் போக மறுத்தால் என்ன செய்வது?

அவர் சொல்வதை ஏற்றுக்கொள்ள வேண்டும். வழியைத் தேர்வதில் உங்கள் விருப்பத்துக்கு இடம் உண்டு, பாதுகாப்பில் முடிவு அவருடையது. சட்டமும் அப்படித்தான். கரையில் வெயிலடித்துக் கடல் அமைதியாகத் தெரியும் நாளிலும், தீவின் மறுபுறம் காற்று சீறிக்கொண்டிருக்கலாம். தனிப் படகுக்காரர்கள் கொடுத்த பணத்தைச் சொல்லி ஸ்கிப்பரை நெருக்குவதை நான் பார்த்திருக்கிறேன், மனம் வருந்தியிருக்கிறேன். உங்கள் குழந்தைகள் இருக்கும் படகில் ‘முடியாது’ என்று சொல்லத் துணிந்தவர் இருப்பது உங்களுக்குத்தான் நல்லது.

மறுத்தால் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எந்த நாளில் முடியலாம்? அதுவரை எங்கே நிற்கலாம்? முன்பு சொன்னதுபோல வாரத் திட்டம் நெகிழ்வாக இருந்தால் பெரும்பாலும் ஒரு மாலை வாய்த்துவிடும். வாய்க்காவிட்டால் சலீனாவின் பொல்லாராவில் படகை நிறுத்துங்கள், தென்கிழக்கிலிருந்து ஷிரோக்கோ வீசும் நாட்களில் அந்த மேற்கு விரிகுடா ஒதுக்கமானது. வானிலையால் ஒரு தீவு விட்டுப்போனால் வாடகையில் எதுவும் திரும்பாது என்று ஒப்பந்தங்களில் எழுதியிருப்பார்கள். அந்தப் பத்தியைக் கையெழுத்துப் போடும் முன்பே குழுவில் எல்லோருக்கும் படித்துக் காட்டிவிடுங்கள்.